நான்கு ராடும் மூன்று நாளும்

இரண்டடி நீளக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ரகீம் பாய் இழுத்தார். கம்பியின் மறுமுனை எஞ்சினின் முன்பக்க நட்டில் மாட்டியிருந்தது. உள்ளே கிராங்க் தண்டு கால் சுற்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

கம்பியைக் கழற்றி, வேறு வாகில் மாட்டி, மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எஞ்சினைத் தாங்கி நின்ற ஸ்டாண்டு தரையில் ஒரு விரற்கடை நகர்ந்ததே தவிர கிராங்க் அசையவில்லை.

பட்டறையில் அப்போது மூன்றே பேர். கம்பியோடு மல்லுக்கட்டிய ரகீம் பாய். ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்த நான். கிரீஸ் பட்டுவிடக் கூடாது என்று வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்ற தங்கராசு அண்ணன். வண்டி அவருடையது.

பங்குனி வெயிலில் தகரக் கூரை படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் வாடையும் புது ஆயில் வாடையும் கலந்து மூக்கில் ஏறியது.

"ஏம்மா, சுத்த மாட்டேங்குது?" என்றார் தங்கராசு அண்ணன். கேள்வி எனக்கு, பார்வை ரகீம் பாய் மேல்.

ஒரு எஞ்சின் இறுகிவிட்டதற்காக நான் அதுவரை பயந்ததில்லை. அந்த எஞ்சினில் ஒருவருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கேட்டது என் ஆளை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அஞ்சலை. பெரம்பலூரிலிருந்து ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு எஞ்சின் பட்டறை இருக்கிறது. புடவை மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கிறவள் என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் கைகாட்டுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

ரகீம் பாய் பதினோரு வருடமாக என்னோடு வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஸ்பேனரைத் தரையில் வைக்க மாட்டார். கழற்றிய நட்டுகளை வரிசை கலையாமல் ஒரு துணியில் அடுக்கி, அதன் மேல் இன்னொரு துணி போட்டு மூடுவார். "என்ன பாய், புள்ளைய தூங்க வக்கிறீங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பாரே தவிர வழக்கத்தை விட மாட்டார்.

வீடு அவருக்கு அரியலூரில். தினம் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார். அவருடைய அம்மாவுக்கு அந்த வருடம் கண் பார்வை குறைந்துகொண்டே வந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு, எது அடுப்பு எது மேடை என்று தெரியாமல் ஒருநாள் கையைச் சுட்டுக்கொண்டார். அதிலிருந்து பாய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு தடவை வீட்டுக்குப் போன் போடுவார்.

தங்கராசு அண்ணனுக்கு ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு. அதை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு அரியலூரில் லாரி வைத்து ஓட்டுகிறார். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள். அவற்றுக்கென்று சொந்தப் பட்டறையும் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் இல்லை.

"ரகீம் பாய எனக்கு விட்டுக் குடுங்களேன்" என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். ஆட்டுக்குட்டியைக் கேட்பது போலக் கேட்டார்.

"அவரு என்ன எங்க வூட்டு மாடா, விட்டுக் குடுக்க? அவருகிட்ட கேளுங்க" என்றேன்.

கேட்டார். ரகீம் பாயின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தப் பட்டறைக்கும் அவர் வீட்டுக்கும் நடந்தே போகிற தூரம். அம்மாவுக்கு மதியம் ஒரு வாய் சோறு எடுத்துக் கொடுத்துவிட்டு வரலாம்.

ஆனால் தங்கராசு அண்ணன் எதையும் சோதிக்காமல் வாங்குகிறவர் இல்லை. அவர் அப்பா வைத்திருந்த பழைய அம்பாசிடர் ஒன்று வருடக்கணக்காகக் கொட்டகையில் கிடந்தது. அதன் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கூட்ட வேண்டும். அப்பாவின் திதிக்குத் திருமழபாடி கொள்ளிடக் கரைக்கு அந்தக் காரிலேயே போக வேண்டும் என்று ஆசை.

"கூட்டுறது ரகீம் பாய் கையாலதான் இருக்கணும். அதுல நீங்க கை வக்கக் கூடாதும்மா. வண்டி ஓடுச்சுன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து அவரு எங்கிட்ட" என்றார்.

நான் சரி என்றேன். மனசுக்குள் எதுவோ அடைத்துக்கொண்டது. என்னவென்று அப்போது நான் பார்க்கவில்லை.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன்

சுத்தவில்லையே என்று வாசலில் நின்ற தங்கராசு அண்ணன் கேட்டதும் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் குனிந்தேன். ஆயில் தட்டு இன்னும் மாட்டவில்லை. அடியிலிருந்து பார்த்தால் நான்கு கனெக்டிங் ராடுகளும் தெரிந்தன.

ராடு என்பது பிஸ்டனையும் கிராங்க்கையும் சேர்க்கிற எலும்பு. மேல்முனை பிஸ்டனில், கீழ்முனை கிராங்க்கில். லாரி, டிராக்டர் ராடுகளில் நாங்கள் பார்த்தவரை கீழ்முனை நடு மையமாக இருக்கும். இந்தப் பழைய கார் எஞ்சினில் அப்படி இல்லை. கீழ்முனை ஒரு பக்கம் சற்று அதிகமாகத் துருத்தியிருக்கும். ஒரு தீக்குச்சி கனம் இருந்தால் அதிகம். ஒன்றாவதும் மூன்றாவதும் ஒரு பக்கம் துருத்தும். இரண்டாவதும் நான்காவதும் அடுத்த பக்கம்.

மாற்றிப் போட்டால் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும். நட்டும் இறுகும். ஆனால் ராடு சிலிண்டருக்கு நடுவில் நிற்காது. மேல்முனை பிஸ்டனின் உள்சுவரில் போய் முட்டும். அப்படியே ஓட்டினால் கொஞ்ச தூரம் போகும். பிறகு எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ராடு வெளியே வரும்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் ராடு நடுவில் இல்லை. ஒதுங்கி நின்றது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும். நான்காவதும்.

"நாலையும் மாத்திப் போட்டுருக்கீங்க பாய்!" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

அவர் பதறிப்போய்க் குனிந்தார். "நம்பர் பாத்துத்தான்க்கா போட்டேன்."

"நம்பர் பாக்கத் தெரியுமா உங்களுக்கு? நாலு நம்பர், நாலு ஓட்டை. சின்னப் புள்ள கூடச் சரியாப் போடும்!"

"மொத ராடு போட்டப்பவே புடிக்குதுன்னு சொன்னேனேக்கா..."

சொன்னார். இரண்டு தடவை சொன்னார். டிராக்டர் அடியில் படுத்திருந்த நான், எழுந்து வந்து பார்க்கச் சோம்பல்பட்டு, "பிஸ்டன் ரிங்கு புதுசு, அப்படித்தான் புடிக்கும், போடுங்க" என்று சொன்னேன். அது எனக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததனால் இன்னும் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் அப்படித்தான். என் மேல் வர வேண்டியது எதிரில் நிற்பவர் மேல் பாயும்.

தங்கராசு அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டார்.

"போதும்மா. நல்லவேள, இங்கயே தெரிஞ்சுது. எங்கிட்ட அத்தன லாரி ஓடுது. நாலு நம்பரு பாக்கத் தெரியாத ஆள நம்பி அத்தனையும் எப்படி வுடறது?" என்று என்னிடம் சொன்னார். ரகீம் பாயைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்களே கூட்டிக் குடுங்க. திதிக்கு முந்துன நாளு ஓட்டிப் பாத்துரலாம்."

அவர் போன பிறகும் ரகீம் பாய் கம்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அதைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டினார்.

"தொழுதுட்டு வந்துடறேங்க்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

அரும்பாவூர்க் கிணற்றடி

இங்கே நான் கொஞ்சம் அரும்பாவூருக்குப் போய்வர வேண்டும். போகாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காணி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். என்னைக் கட்டிக்கொண்டவர்தான் எங்கள் வகையறாவில் முதன்முதலாக மண்வெட்டியை விட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தவர். அரும்பாவூரைச் சுற்றி இருந்த கிணறுகளில் டீசல் எஞ்சின் ரிப்பேர் பார்த்தார். நான் கூடப் போய் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். ஒருநாள் பெல்ட்டில் அவருடைய வலது கை சிக்கியது. அதன் பிறகு அவர் வாய் சொல்லும், என் கை செய்யும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வாயும் என்னுடையதே ஆகிவிட்டது. ஊரார் அதைப் பற்றித்தான் இன்றுவரை குறை சொல்கிறார்கள்.

கிணற்று மோட்டார் கொட்டகை என்பது இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத பொந்து. எஞ்சினின் முன்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும். பெல்ட் ஓடுகிற பெரிய சக்கரம், அந்த ஃபிளைவீல் பக்கம்தான் வாசலைப் பார்த்து இருக்கும். கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் எதிர்ப்படுவது ஃபிளைவீல். அதை ஒட்டிய சிலிண்டர்தான் எங்களுக்கு ஒன்று. அடுத்தது இரண்டு. சுவர்ப்பக்கம் போய் யார் எண்ணுவது? அங்கே தேள் இருக்கும்.

வண்டி எஞ்சினுக்கு அப்படி இல்லை. முன்பக்கம், அதாவது ரேடியேட்டர் பக்கம்தான் ஒன்று. உலகம் முழுக்க அப்படித்தான் என்று பெரம்பலூருக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேனே தவிர, கை கேட்கவில்லை. ராடில் நம்பருக்குப் புள்ளி குத்த பஞ்ச் உளியும் சுத்தியலும் எடுத்தால் கை தானாக ஃபிளைவீல் பக்கத்திலிருந்துதான் எண்ணும்.

அதனால் இத்தனை வருடத்தில் ஒரு கெடுதலும் வரவில்லை. ஏனென்றால் நம்பர் குத்துகிறவளும் நானே, திரும்பக் கூட்டுகிறவளும் நானே. பாய்க்கு எப்போதும் கியர்ப்பெட்டியும் பம்ப்பும்தான். குத்தும்போது எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினேனோ, மாட்டும்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே எண்ணினேன். எல்லாம் சரியாகவே பொருந்தியது.

அரம்

பட்டறையில் நான் தனியாக இருந்தேன். நட்டுகளைத் தளர்த்தி ராடுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வந்த முதல் ராடைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

அதன் மேல் ஒரு புள்ளி இருந்தது. ஒன்று.

அடுத்தது இரண்டு புள்ளி. அப்புறம் மூன்று. அப்புறம் நான்கு. ரகீம் பாய் ஒரு தப்பும் செய்யவில்லை. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இலக்கணமாகப் போட்டிருந்தார்.

பத்து நாள் முன்பு அந்த எஞ்சினைப் பிரித்தது நான். ராடுகளில் கம்பெனி அடித்த நம்பர் இல்லை. எப்போதோ யாரோ அரம் போட்டு அழித்திருந்தார்கள். அதனால் நானே பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தினேன். எஞ்சின் ஸ்டாண்டில் ஃபிளைவீல் பக்கம் என்னைப் பார்த்து இருந்தது, கிணற்றுக் கொட்டகையில் இருக்கிற மாதிரியே. என் கை என் பக்கத்திலிருந்து எண்ணிவிட்டது.

நான் ஒன்று என்று குத்தியது நான்காவது ராடு. நான்கு என்று குத்தியது முதல் ராடு. இரண்டும் மூன்றும் அதே மாதிரி இடம் மாறிவிட்டன. ஒரு பக்கம் துருத்த வேண்டியவை அத்தனையும் மறுபக்கம். நாலும் தப்பு. நாலும் என்னுடைய தப்பு.

ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உடனே போன் போட்டிருக்கலாம். தங்கராசு அண்ணன் அப்போது அரியலூர் வழியில் குன்னத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். போன் மேசை மேல்தான் இருந்தது.

நான் அரத்தை எடுத்தேன்.

இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். ஒவ்வொரு ராடையும் வைஸ் இடுக்கியில் பிடித்து, என் புள்ளிகளைத் தேய்த்து அழித்தேன். அரம் போகிற சத்தம் அந்தத் தகரக் கொட்டகையில் எத்தனை பெரிதாகக் கேட்டது என்று இன்னும் காதில் இருக்கிறது. சாலையில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நிறுத்தினேன். போன பிறகு மறுபடி தேய்த்தேன். முன்பு கம்பெனி நம்பர்களை அழித்தவர் எதற்காக அழித்திருப்பார் என்று எனக்கு விளங்கியது போல் இருந்தது.

பிறகு ரேடியேட்டர் பக்கத்திலிருந்து சரியாக எண்ணிப் புதுப் புள்ளி குத்தினேன்.

ரகீம் பாய் திரும்பி வரும்போது நான் முதல் பிஸ்டனை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தேன். வைஸுக்குக் கீழே தரையில் இரும்புத்தூள் மினுமினுவென்று கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். மேசை மேல் இருந்த மூன்று ராடுகளைப் பார்த்தார். துடைப்பத்தை எடுத்து வந்து தூளைக் கூட்டி அள்ளினார்.

"ஆயில் குடுக்கட்டாக்கா?" என்றார்.

"குடுங்க" என்றேன்.

மூன்று நாள்

அன்று சாயங்காலம் நான்கு ராடும் இறுகின. கம்பியை ஒரு கையால் இழுத்தேன். கிராங்க் வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு சுற்று வந்தால் ரகீம் பாய் "மாஷா அல்லா" என்பார். அன்று சொல்லவில்லை.

மறுநாள் எஞ்சினைக் காரில் இறக்கினோம். அதற்கடுத்த நாள் ஸ்டார்ட் செய்தோம். ஒவ்வொரு காலையும் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் எதிரே வந்து நின்று "டீ வாங்கிட்டு வரட்டாக்கா?" என்றதும் காசை எடுத்து நீட்டிவிடுவேன்.

பயமா என்றால், கொஞ்சம் பயம்தான். அஞ்சலக்கா நம்பர் குத்தத் தெரியாதவள் என்று பேர் வந்துவிடுமே என்கிற பயம். ஆனால் அது மட்டும் என் வாயைக் கட்டியிருக்காது. ஊர்ப் பேச்சுக்கு நான் என்றைக்கு அடங்கியிருக்கிறேன்?

இரண்டாம் நாள் மதியம் அவர் அம்மாவுக்குப் போன் போட்டதைக் கேட்டேன். "அடுப்பு கிட்ட போகாதம்மா, நான் வந்து பாத்துக்கறேன்... இல்லம்மா, அந்த வேல அமையல... பரவால்ல, பஸ்ஸு இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் அமையவில்லை என்று அவர் சொல்லவில்லை. என் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

கொள்ளிடக் கரை

திதிக்கு முந்தைய நாள் காலையில் தங்கராசு அண்ணன் வந்தார். வண்டியை அவரே ஓட்டினார். முன்னால் ரகீம் பாய், பின்னால் நான். எங்காவது சத்தம் மாறினால் கேட்கத்தான் எங்கள் இருவரையும் கூட்டிப் போனார்.

புது எஞ்சின் என்பதால் நிதானமாகப் போனோம். அரியலூர் தாண்டும்வரை எதிரில் வருகிற லாரிகளின் வெள்ளைப் புழுதி. திருமானூர் வந்ததும் காற்றில் ஈரம் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினை மட்டும் கேட்டேன். ஒரு சத்தம், ஒரே ஒரு தட்டல் வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடுமே, வராதா என்று மனசு அலைந்தது. வரவே இல்லை. அத்தனை சுத்தமாக ஓடியது.

திருமழபாடியில் ஆற்றங்கரை மரத்தடியில் நிறுத்தினோம். கொள்ளிடத்தில் மணல்தான் அதிகம், நடுவில் ஒரு கீற்றுத் தண்ணீர். தங்கராசு அண்ணன் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் சூட்டில் பெயின்ட் வாடை வந்தது. ரகீம் பாய் ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்தார்.

"பேசாம ஓடுதும்மா. எங்கப்பா இருந்தா அழுதுருப்பாரு" என்றார் தங்கராசு அண்ணன். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு ரகீம் பாய் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா பாய்? நம்பர் பாத்துப் போட்டா இப்படித்தான் இருக்கும். கத்துக்கங்க."

ரகீம் பாய் துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தார். அது பளபளவென்று இருந்தது. அவர் இன்னொரு தடவை துடைத்தார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, தப்பு எம்மேல" என்றேன்.

"எது?"

மணலில் உட்கார்ந்து விரலால் நான்கு கோடு போட்டேன். "இது ரேடியேட்டர் பக்கம். இங்கேர்ந்துதான் ஒண்ணு ஆரம்பிக்கணும். நான் அந்தக் கடேசிலேர்ந்து நம்பர் குத்திட்டேன். கெணத்து எஞ்சின் பழக்கம். பாய் நம்பர் பாத்துச் சரியாத்தான் போட்டாரு. நம்பரே தப்பு."

தங்கராசு அண்ணன் கோடுகளையே பார்த்தார். எஞ்சின் தெரியாதவர் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

இன்றைக்குத்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். ரகீம் பாய் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"அன்னைக்கு மதியமே. நீங்க போன ஒடனே. ராடுல இருந்த நம்பர அரம் போட்டு அழிச்சிட்டேன்."

தங்கராசு அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் பானெட்டை மெதுவாக இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். சாவியை எடுத்து ரகீம் பாயிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க பாய்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணாந்தேதி வந்துருங்க" என்றார்.

நான் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டு

அரியலூரில் தங்கராசு அண்ணன் வீட்டில் வண்டியை விட்டோம். ரகீம் பாய் பெரம்பலூர் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று என்னோடு நடந்து வந்தார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். மூடியைத் திறந்தே கொடுத்தார்.

"இரும்புத்தூளு பாத்தப்பவே தெரிஞ்சுதுங்க்கா" என்றார்.

நான் தண்ணீரைக் குடிக்காமல் நின்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மறுநாளு நெனச்சேன். எங்கம்மாகிட்ட பேசுனப்போ நீங்க கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்க. அப்பவாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." அவர் குரல் உயரவே இல்லை. "நம்பர் தப்பாப் போறது யாருக்கும் வரும். மூணு நாளு ஏங்க்கா?"

பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். நானும் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்து பார்த்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கி ஆட்டவில்லை. பதிலுக்காக நின்றார்.

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

ஒன்றாம் தேதி அவர் அங்கே சேர்ந்தார். தன் சாமான் பெட்டியை எடுக்க வந்த நாளில் நான் ஒரு சிலிண்டர் துளைக்கக் கொடுக்கிற வேலையாகத் துறையூர் போயிருந்தேன். வேண்டுமென்றேதான் போனேன். பாய் எனக்கென்று ஒரு துணியை மேசையில் விரித்து, நான் பட்டறையில் அங்கங்கே போட்டுவைத்திருந்த நட்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கி, மேலே இன்னொரு துணி போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது நான் ராடுகளில் புள்ளி குத்தும் முன்பு எழுந்து போய் ரேடியேட்டர் பக்கம் நிற்கிறேன். பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் போடுகிறேன். கை இன்னும் ஃபிளைவீல் பக்கம்தான் போகிறது. இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டதாம். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறாராம். சொன்னது ஒரு லாரி டிரைவர். இந்த இதழை அரியலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் பாய் வாராவாரம் வாங்குகிறார் என்றும் அவர்தான் சொன்னார்.

அப்படியானால், பாய், இதைப் படிப்பீர்கள். மூணு நாளு ஏன் என்று அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. பஸ்ஸில் ஏறும்போதும் இருந்தது. உங்கள் அம்மா அடுப்படியில் தடவிக்கொண்டிருந்தது தெரிந்தும், இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு உங்கள் எதிரில் நிற்பது என்றுதான் சொல்லவில்லை.

நீங்க போயிடக் கூடாதுன்னுதான் பாய்.